சுமைகூலி

நொதிகலனின் அடியில் ஒரு சொட்டு.
நேற்றும் அதே இடத்தில்தான்.
ஓஸ்லா பழைய செய்தித்தாளை விரித்துவைத்துத் தூங்கப்போகிறாள்,
விடிந்ததும் வந்து ஈர வட்டத்தை
ஸ்கேல் வைத்து அளக்கிறாள்.
மூன்று அங்குலம்.
தீவுப் படகில் இருபது வருடம் எஞ்சின் பார்த்தவளுக்குக்
கசிவு என்பது
யாரோ முகத்துக்கு நேரே சொன்ன வசை.

ஷெட்லாந்தின் வடகோடி.
இதற்கு மேலே ஒரு கலங்கரை விளக்கம்,
அப்புறம் வெறும் தண்ணீர்.
போன மாசிக் காற்று
கோழிக்கூண்டைக் கோழியோடு தூக்கிப்போனது.
இருந்த ஒரே பப்பும் மூடி ஆறு வருடம்.
அதனால் கொட்டகையில் காய்ச்சுகிறாள் பியர்.

முதலில் ஒரு பிளாஸ்டிக் வாளி.
பிறகு குழாய் வைத்த வாளி.
பிறகு கூம்படி வைத்த எவர்சில்வர்க் கலன்,
கப்பலில் வந்தது, ஒரு பக்கம் நசுங்கி.
"இதுதான் கடைசி" என்றாள் கிப்பியிடம்.
கிப்பி ஒன்றும் சொல்லவில்லை.
வாளி வந்தபோதும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கலனில் இருப்பது அமெரிக்க மரை.
கையிலிருக்கும் வால்வு பிரிட்டிஷ் மரை.
இரண்டும் அரை அங்குலம்,
இரண்டுக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு பல்.
பல்லின் கோணத்தில் மட்டும்
ஐந்து பாகை மனஸ்தாபம்.
ஏறும். இறுகும். உறவு மாதிரியே தெரியும்.
இரவில் கசியும்.
வெள்ளை டேப்பைப் பன்னிரண்டு சுற்று சுற்றியும்
தலைக்காயக்காரன் போல நின்றதே தவிர
சொட்டு நிற்கவில்லை.

இரண்டு மரைக்கும் தூது போகும் ஒரு பித்தளைத் துண்டு,
கட்டைவிரல் அளவு:
நான்கு பவுண்டு இருபது பென்ஸ்.
அனுப்பும் செலவு பத்தொன்பது பவுண்டு.

சுண்டைக்காயை இந்தத் தீவு கண்டதில்லை.
சுமைகூலியை நன்றாகவே அறியும்.

ஐம்பதுக்கு மேல் வாங்கினால் இலவசம் என்றார்கள்.
சேர்த்தாள்: ரப்பர் வளையம் ஒரு பொட்டலம்,
வெப்பமானி, இரண்டு மீட்டர் குழாய்,
ஈஸ்ட் நான்கு உறை,
எதற்கென்று அவளுக்கே தெரியாத ஒரு கிளிப்.
ஐம்பத்தொன்று முப்பது.
அஞ்சல் குறியீட்டைத் தட்டினாள்.
இலவசம் பெருநிலத்துக்கு மட்டும்.

தொலைபேசியில் லீட்ஸ் நகரத்துப் பையன்.
"வரைபடத்தைப் பார்க்கிறேன் மேடம்,
அபர்டீனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்?"
"எங்களைச் சுற்றி ஒரு பெட்டி போட்டிருக்கிறதா?"
"ஆமாம்."
"காகிதத்தில் இடமில்லை என்று
இறக்கிவைத்திருக்கிறார்கள்.
நீ பார்ப்பது பெட்டி.
நான் இருப்பது இங்கே."
அவன் சிரித்தான், நல்ல பையன்தான்.
இரண்டு பவுண்டு குறைத்தான்.
அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மான்சி வந்தான்,
எதிர்க்கரைச் சால்மன் பண்ணைக்காரன்.
ஒரு கோப்பை முடித்து, இரண்டாவதில் பாதியில்
கீழே பார்த்தான்.
"இது என்ன, நாய் வளர்க்கிறாயா?"
சொன்னாள்.
"அடிப்பாவி," என்றான்,
"கனடாவிலிருந்து தீனி எந்திரம் வந்தபோது
ஒரு டிராயர் நிறைய இதே துண்டு வந்தது.
யாரும் தொட்டதில்லை.
உனக்கு எத்தனை வேண்டும்?"

கடல் நாக்கு நீட்டிய இடம் அது,
நேரே நீந்தினால் முந்நூறு மீட்டர்,
சாலையில் சுற்றினால் பதினான்கு மைல்.
ஆறு பாட்டில் கொண்டுபோனாள், ஒரு துண்டு கொண்டுவந்தாள்.
பெட்ரோலை இருவரும் கணக்கில் எழுதவில்லை.
மீன் வாடை போக மூன்று முறை கொதிக்கவைத்தாள்.
நான்காவது முறை கிப்பிக்காக.

கலன் காலியாகும்வரை
இன்னும் ஒன்பது செய்தித்தாள்.
பிறகு ஒரு மாலை, தூதுத் துண்டைப் பூட்டி,
தண்ணீர் நிரப்பி, விளக்கை அணைத்தாள்.

காலையில் தாள் காய்ந்திருந்தது.
மீன்பிடிப் படகு ஏலச் செய்தியை
முதல்முறையாக முழுதும் படிக்க முடிந்தது.
ஆனாலும் ஸ்கேலை எடுத்து
ஒன்றுமில்லாத இடத்தை ஒருமுறை அளந்தாள்.

அன்று இரவு திரையில்
செம்புக் குளிர்சுருள் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது,
எடை பதினொரு கிலோ.
அனுப்பும் செலவு இருக்கும் வரியை
உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தாள்.

பின்னால் வந்து நின்ற கிப்பி
தேநீரை ஆற்றிக் குடித்தான்.
வெகுநேரம் கழித்துக் கேட்டான்,

"அது எந்த மரை?"